வீட்டைவிட்டு நகராத பிள்ளையும் போக்கிமான் கோவும்: ஒரு செயலி மதிப்புரை

போக்கிமான் கோ பற்றி இனிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். 2016 ஜூலையில் வெளிவந்து, அந்த ஆண்டு டிசம்பரில் ஜியோ நிறுவனத்தின் துணையோடு இந்தியாவுக்குள் முறைப்படி நுழைந்த விளையாட்டு அது. அதன் படங்களைப் பற்றியும் சண்டைகளைப் பற்றியும் எழுத வேண்டியவர்கள் எல்லாம் எழுதி முடித்துவிட்டார்கள். நான் வேறொரு கேள்வியை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பள்ளி, டியூஷன், கைப்பேசி, கட்டில் என்று சுற்றிக்கொண்டு, மைதானத்தின் பக்கமே எட்டிப் பார்க்காத பதின்ம வயதுப் பிள்ளை ஒன்றை இந்தச் செயலி எழுந்து நடக்க வைக்குமா? அக்கா வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் மகனுக்கும் அவனுடைய தங்கைக்கும் இதைப் போட்டுக் கொடுத்து, பல மாதங்கள் அவர்கள் கூடவே நடந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: ஐந்துக்கு மூன்றரை. அந்த மூன்றரை எப்படி வந்தது, மீதி ஒன்றரை எதனால் போயிற்று என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அளவுகோலை முதலில் சொல்லிவிடுகிறேன். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் சற்று சூடேறும் அளவுக்கு இயங்க வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாளாவது நன்றாக மூச்சு வாங்கும்படியும், தசையும் எலும்பும் வலுப்பெறும்படியும் எதையாவது செய்ய வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. 11 முதல் 17 வயது வரை உள்ள பள்ளிப் பிள்ளைகளை 146 நாடுகளில் கணக்கெடுத்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு, நூற்றுக்கு 81 பேர் அந்த 60 நிமிடத்தை எட்டவில்லை என்று கண்டது. பையன்களில் 78, பெண்களில் 85. இந்தியாவின் எண்ணிக்கை ஏறத்தாழ 74; உலகச் சராசரியைவிடக் கொஞ்சம் பரவாயில்லை என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாமே தவிர, நாலில் மூன்று பிள்ளைகள் உட்கார்ந்தே வளர்கிறார்கள் என்பதில் மாற்றம் இல்லை. ஆகவே ஒரு செயலி எத்தனை பேரைக் குதூகலப்படுத்துகிறது என்பது எனக்கு அளவுகோல் அல்ல. அந்த 60 நிமிடத்தில் எத்தனை நிமிடத்தை அது பிடித்துத் தருகிறது என்பதே அளவுகோல்.

விளையாட்டின் அடிப்படை எளிது. நாம் நிற்கும் தெருவே திரையில் வரைபடமாக விரிகிறது. நாம் நடந்தால்தான் திரையில் இருக்கும் பொம்மை நடக்கும். வழியில் போக்கிமான்கள் என்ற கற்பனை உயிரினங்கள் தலைகாட்டும். பந்தை வீசிப் பிடிக்கலாம். கோயில் வாசல், தலைவர் சிலை, பூங்கா நுழைவாயில், சுவரோவியம் போன்ற இடங்கள் போக்கிஸ்டாப்புகளாக இருக்கும். அருகில் போய்ச் சுழற்றினால் பந்துகளும் முட்டைகளும் கிடைக்கும். இதைத் தயாரித்த நியாண்டிக் நிறுவனம் இதற்கு முன் நடத்திய இன்கிரெஸ் என்ற விளையாட்டில் ஆட்டக்காரர்கள் குறித்துக் கொடுத்த இடங்களே பெரும்பாலும் இதற்கும் அடிப்படை ஆயின. ஒவ்வொரு போக்கிஸ்டாப்பிலும் அந்த இடத்தின் படமும் பெயரும் வருவதால் ஓர் எதிர்பாராத நன்மையும் உண்டு. 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினா கடற்கரையில் நிறுவப்பட்ட சிலைகளை அன்றாடம் பேருந்திலிருந்து பார்த்தும் பார்க்காமலும் கடந்து போகிற பிள்ளை, இறங்கி நடந்தால் வீரமாமுனிவர் யார், ஜி.யு. போப் யார் என்று கேட்கத் தொடங்குகிறது. ஆனால் அது நம் கணக்கில் சேராது.

நம் கணக்கில் சேருவது முட்டை. கிடைத்த முட்டையை இன்குபேட்டரில் வைத்துவிட்டு நடக்க வேண்டும். 2, 5, 7, 10, 12 கிலோமீட்டர் என்று முட்டைக்கு முட்டை தூரம் மாறும். அந்தத் தூரம் நடந்து முடிந்ததும் அது பொரிந்து ஒரு போக்கிமான் வெளிவரும். உள்ளே என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே உறுதியாகத் தெரியாது. இதில் ஏமாற்ற முடியாதா என்று எந்தப் பிள்ளையும் முதல் வாரத்திலேயே யோசிக்கும். மணிக்குப் பத்து கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டினாலே அந்தத் தூரம் கணக்கில் ஏறாது. இன்னும் வேகமாகப் போனால், நீ வண்டி ஓட்டவில்லை, பயணிதான் என்று உறுதி சொல் என்று திரை கேட்கும். அக்காவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து மூன்று முட்டைகளையும் பொரித்துவிடலாம் என்று கிளம்பியவன், திரும்பி வந்து, "சித்தி, இது ஒரு மீட்டர்கூட ஏறல" என்று சலித்துக்கொண்டான். சென்னையின் மாலை நேர நெரிசலில் ஆட்டோ ஊர்ந்து போகும்போது மட்டும் கொஞ்சம் ஏறுகிறது; அந்த வேகத்துக்கு இறங்கி நடப்பதே மேல் என்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும்.

உடற்பயிற்சிச் செயலிகள் பலவற்றோடு ஒப்பிடும்போது இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் விளங்கும். கைப்பட்டையோ படியெண்ணும் செயலியோ முதல் நாளே 10,000 அடி என்ற இலக்கைக் காட்டி நிற்கும். நாள் முழுக்க 2,000 அடிகூட வைக்காத பிள்ளைக்கு அந்த வட்டம் ஒவ்வொரு இரவும் முக்கால்வாசி காலியாகவே தெரியும். நான்காம் நாள் பட்டை மேசை இழுப்பறைக்குள் போய்விடும். இங்கே 2 கிலோமீட்டர் முட்டை ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தாலே அதில் கால்வாசி முடிந்துவிடும். பாதியில் விட்டாலும் தூரம் அழிவதில்லை. நாளைக்கு அதே இடத்திலிருந்து தொடரலாம். நேற்று நடக்காததற்காகத் திட்டு விழாத இடத்துக்குத்தான் சோம்பேறி என்று பெயர் வாங்கிய பிள்ளை திரும்பி வரும்.

மேஜிகார்ப் என்ற மீனையும் சொல்ல வேண்டும். எதற்கும் உதவாத, தரையில் துள்ளிக்கொண்டே கிடக்கிற சிவப்பு மீன் அது. 400 மிட்டாய்கள் சேர்த்தால் கியாரடாஸ் என்ற பயங்கரமான கடல் நாகமாக மாறும். மேஜிகார்ப்பைத் தோழனாக வைத்துக்கொண்டு நடந்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு மிட்டாய் சேரும். பிடித்தும் சேர்க்கலாம், நடந்தும் சேர்க்கலாம். அக்கா மகன் அந்த மீனுக்காக நடந்த நடையை, எந்த மருத்துவர் சொல்லியும் நடந்திருக்க மாட்டான். வீட்டில் யாரும் "நட, உடம்பு குறையும்" என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். உடம்பைப் பற்றிய பேச்சே இல்லாமல் உடம்பை அசைக்க வைப்பதில்தான் இந்தச் செயலி மற்றவற்றைவிட ஒரு படி மேலே நிற்கிறது. எடை, கலோரி, பி.எம்.ஐ. எதையும் அது கண்முன் காட்டுவதில்லை. கண்ணாடி முன்னால் நிற்கவே தயங்கும் வயதுப் பிள்ளைகளுக்கு இது சிறிய சலுகை அல்ல.

அட்வெஞ்சர் சிங்க் என்ற வசதி 2018 இறுதியில் வந்தது. அதை இயக்கி வைத்தால் செயலியைத் திறக்காமல், கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தாலும், கைப்பேசியின் உடல்நலக் கணக்கிலிருந்து தூரத்தை எடுத்து முட்டைக்கும் தோழனுக்கும் வரவு வைக்கும். பெற்றோர் முதலில் செய்ய வேண்டிய காரியம் இதை இயக்குவதுதான். இது இல்லாவிட்டால் பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டே நடக்கும். இது இருந்தால் தலை நிமிர்ந்து நடக்கும். டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று வண்டிச் சாவியை எடுத்த அக்காவிடம், "வேணாம்மா, நடந்தே போறேன், முட்டைக்கு ஏறும்" என்று அவன் சொன்ன மாலையை நான் இந்தச் செயலியின் பெரிய சாதனையாகக் கருதுகிறேன். விளையாடப் போன நடை விளையாட்டோடு போய்விடும். டியூஷனுக்கு நடந்த நடை பழக்கமாகும்.

ஆனால் இதே வசதியின் வாரப் பரிசுத் திட்டத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது. திங்கள் காலையிலிருந்து அடுத்த திங்கள் காலை வரை நடந்த தூரத்துக்கு 5, 25, 50 கிலோமீட்டர் என்று ஏறும் படிகளில் பரிசு கிடைக்கும். 5 கிலோமீட்டர் என்றால் நாளைக்கு முக்கால் கிலோமீட்டர்கூட இல்லை. வீட்டுக்குள் நடப்பதிலேயே பாதி வந்துவிடும். அடுத்த படியோ ஒரேயடியாக 25. நாளொன்றுக்கு மூன்றரை கிலோமீட்டர், அதாவது வேகமாக நடந்தால் முக்கால் மணி நேரம். இடையில் எதுவும் இல்லை. 6 கிலோமீட்டர் நடந்த பிள்ளைக்கும் 20 கிலோமீட்டர் நடந்த பிள்ளைக்கும் ஒரே பரிசு. உட்கார்ந்தே பழகிய பிள்ளை தட்டுத் தடுமாறி முன்னேறுவது இந்த இடைவெளியில்தான். அங்கே ஒரு கைப்பிடிகூட வைக்காமல் விட்டது வடிவமைத்தவர்கள் ஏற்கெனவே நடக்கிறவர்களை மட்டுமே மனத்தில் வைத்திருந்தார்கள் என்று எண்ண வைக்கிறது. நாங்கள் வீட்டிலேயே 10-க்கும் 15-க்கும் 20-க்கும் படி வைத்துக்கொண்டோம். பரிசு என்னவென்றால், ஞாயிறு இரவு என்ன சாப்பாடு என்று அவன் முடிவு செய்யலாம். பரோட்டாவுக்காக நடந்த நடையில் உடல் நலம் எவ்வளவு மிஞ்சியது என்று அக்கா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. 25-ஐ எட்டிய பிறகு மட்டும் இந்தப் படிகள் பொருளுள்ளவை ஆகின்றன. ஞாயிறு மாலை இன்னும் இரண்டு கிலோமீட்டர் பாக்கி என்று தெரிந்ததும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பியவனை நான் பார்த்தேன். 50 என்பது நாளுக்கு ஏறத்தாழ 10,000 அடி. அதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

செயலியில் எனக்கு மிகவும் பிடித்தது 2022-இல் சேர்த்த டெய்லி அட்வெஞ்சர் இன்சென்ஸ், அதாவது போக்கிமான்களை வரவழைக்கும் ஊதுபத்தி. நாளைக்கு ஒரு முறை, இலவசமாக, பதினைந்தே நிமிடம். பற்ற வைத்துவிட்டு நடந்துகொண்டே இருந்தால் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத போக்கிமான்கள் வரும். நின்றால் வரத்து குறைந்துவிடும். மிக அபூர்வமாக, போக்கிமான் கதையுலகில் வரும் கலார் பகுதியின் மூன்று பறவைகளில் ஒன்று தோன்றும்; தோன்றினாலும் பெரும்பாலும் பிடிபடாமல் ஓடிவிடும். பிள்ளைகளின் நடை எப்படி மாறுகிறது என்பதை இந்தப் பதினைந்து நிமிடத்தில் கண்ணால் பார்க்கலாம். மற்ற நேரத்தில் பத்தடிக்கு ஒரு முறை நின்று பந்து வீசி, மறுபடி நகர்ந்து, மறுபடி நிற்கிறார்கள். இன்சென்ஸ் ஓடும்போது நிற்க மனம் வராது. கடிகாரம் இறங்கிக்கொண்டே இருக்கும். அண்ணனும் தங்கையும் முன்னால் போய்விடுவார்கள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போவேன். "சித்தி, சீக்கிரம் வாங்க, இன்னும் நாலு நிமிஷம்தான்" என்று திரும்பிப் பார்க்காமலே கூப்பிடுவார்கள். மருத்துவர்கள் மிதமான உழைப்பு என்று எதைச் சொல்கிறார்களோ, பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற அந்த நிலை இந்தப் பதினைந்து நிமிடத்தில் தானாக அமைந்துவிடுகிறது. 60-இல் 15 நிமிடம் அங்கே உறுதியாகக் கைக்கு வருகிறது. பற்ற வைக்கும் நேரத்தைப் பெரியவர்கள் தேர்ந்துகொண்டால் போதும். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழுக்கு முன்னும் மாலை ஐந்தரைக்குப் பின்னும் தவிர வேறு நேரத்தில் வேண்டாம்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இந்த விளையாட்டைப் போல் உடனுக்குடன் ஆராயப்பட்ட விளையாட்டு குறைவு. மைக்ரோசாஃப்ட் கைப்பட்டை அணிந்திருந்தவர்களின் தரவை வைத்து 2016-இல் செய்த ஆய்வில், விளையாட்டில் ஆழ்ந்து ஈடுபட்டவர்கள் ஒரு மாத காலத்தில் நாளுக்குச் சராசரியாக 1,473 அடிகள் கூடுதலாக நடந்தார்கள். முன்பிருந்ததைவிட அது 25 சதவீதத்துக்கும் அதிகம். ஏற்கெனவே நடக்கிறவர்கள் மட்டுமல்ல, நடக்காதவர்களும் கூடுதலாக நடந்தார்கள் என்பது நமக்கு வேண்டிய செய்தி. அதே ஆண்டு டிசம்பரில் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த இன்னொரு ஆய்வு வேறு கதை சொல்கிறது. அமெரிக்காவில் 18 முதல் 35 வயது வரை உள்ளவர்களின் ஐஃபோன் கணக்கை எடுத்துப் பார்த்ததில், செயலியை நிறுவிய முதல் வாரத்தில் நாளுக்கு 955 அடி கூடியது. பிறகு வாரா வாரம் இறங்கி, ஆறாம் வாரத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. இரண்டும் பெரியவர்களைப் பற்றியவை, இரண்டும் விளையாட்டு புதிதாக வந்த காலத்தைப் பற்றியவை. இருந்தாலும் ஆறு வாரம் என்ற கெடுவை நான் நம்புகிறேன். எங்கள் வீட்டிலும் இரண்டாம் மாதத் தொடக்கத்தில் சுருதி இறங்கியது. ஒரு வாரம் முழுக்க முட்டைகள் அப்படியே கிடந்தன.

அந்த இறக்கத்தைத் தாண்டிப் போக உதவியது செயலி அல்ல, ஆள். மாதந்தோறும் கம்யூனிட்டி டே என்று ஒரு நாள் வரும். குறிப்பிட்ட சில மணி நேரம் ஒரே வகைப் போக்கிமான் கூட்டம் கூட்டமாகத் தோன்றும். பூங்காவில் அதே திரையை வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்த கல்லூரி மாணவர்கள் சிலர் அக்கா மகனைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். யாரும் அறிமுகப்படுத்தவில்லை, ஒருவர் கையிலிருந்த திரையை மற்றவர் எட்டிப் பார்த்ததே அறிமுகம். அன்று அவன் மூன்று மணி நேரம் காலில் நின்றான். வீட்டில் தனியாக நிறுவி, தனியாக விளையாட விட்ட பிள்ளை ஆறு வாரத்தில் விட்டுவிடும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கூட நடக்க ஒரு நண்பனோ, அண்ணனோ, சித்தியோ இருந்தால் நீடிக்கும்.

இனி குறைகள். முதலாவது, இது நடை மட்டுமே. உலகச் சுகாதார நிறுவனம் கேட்கும் வாரம் மூன்று நாள் கடும் பயிற்சியை, எலும்புக்கும் தசைக்குமான வேலையை, இது தராது. நின்று நின்று நடப்பதால் ஒரு மணி நேரம் வெளியே இருந்தாலும் அரை மணி நேரம்தான் உருப்படியான நடை. கயிறு தாண்டுதலோ, கபடியோ, இறகுப்பந்தோ, மாடிப்படியோ வேறு வழியில் வர வேண்டும். மூச்சு வாங்காமல் ஒரு கிலோமீட்டர் நடக்கத் தெரிந்த பிள்ளையை மைதானத்துக்கு அழைப்பது, கட்டிலில் கிடக்கும் பிள்ளையை அழைப்பதைவிட எளிது. அந்த அளவில் இது முன்வாசல். பிள்ளை முன்வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது என்றால் செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டாவது, நிறுவனமே தன் கொள்கையில் ஊசலாடியிருக்கிறது. 2020-இல் ஊரடங்கு வந்தபோது பலர் கூடி ஒரு பலமான போக்கிமானோடு மோதும் ரெய்டில் வீட்டிலிருந்தே சேர ரிமோட் ரெய்டு பாஸைக் கொண்டுவந்தார்கள். போக்கிஸ்டாப்பைச் சுழற்ற 40 மீட்டர் அருகில் வர வேண்டும் என்றிருந்ததை 80 மீட்டராக்கினார்கள். அந்தக் காலத்துக்கு அது சரி. 2021 ஆகஸ்டில் அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் பழைய 40 மீட்டருக்குத் திரும்பப் பார்த்தபோது ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்ததால், அதே மாதத்தில் 80 மீட்டரே நிரந்தரம் என்று இறங்கி வந்தார்கள். 2023-இல் ரிமோட் பாஸின் விலையை, விளையாட்டுக்குள் செல்லும் நாணயத்தில், 100-இலிருந்து 195 ஆக்கி, நாளுக்கு ஐந்துக்கு மேல் கூடாது என்றும் கட்டுப்பாடு போட்டார்கள், அதற்கும் எதிர்ப்பு. சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் ஊர்ப்புறத்தில் இருப்பவர்களுக்கும் 80 மீட்டர் வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் நடக்கச் சோம்பும் பிள்ளையின் கண்ணில் இது வேறு மாதிரிப் படும். போக்கிஸ்டாப் பக்கத்தில் வீடு வாய்த்தவன் பால்கனியில் நின்றே சுழற்றலாம். காசு இருந்தால் கட்டிலில் படுத்தே ரெய்டு ஆடலாம். ஆகவே ரிமோட் பாஸ் வாங்கித் தருவதில்லை என்பதை முதல் நாளே விதியாகச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது குறை செயலியுடையது மட்டும் அல்ல, ஆனால் அதன் மேலும் விழுகிறது. பெண் பிள்ளைகள். உலகக் கணக்கிலேயே பையன்களைவிட அவர்கள் குறைவாக அசைகிறார்கள் என்று மேலே சொன்னேன். வெளியே தனியாகச் சுற்றுவதையே அடிப்படையாகக் கொண்ட ஒரு விளையாட்டு, வெளியே தனியாக விடப்படாத பிள்ளைக்கு என்ன செய்யும்? அண்ணன் இரவு எட்டு மணிக்கு முட்டையைப் பொரித்துவிட்டு வருவான். தங்கை ஆறரைக்கே வீட்டுக்குள் வந்தாக வேண்டும். தெருமுனையில் ஒரு பெண் பிள்ளை கைப்பேசியைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் நின்றால், என்ன ஏது என்று கேட்க நாலு பேர் வந்துவிடுவார்கள். நான் கூடப் போன நாட்களில் மட்டுமே அவளுடைய கிலோமீட்டர் ஏறியது. நான் ஊரில் இல்லாத வாரங்களில் அவளுடைய கணக்கு பூஜ்யத்தை ஒட்டியே கிடந்தது. அண்ணனைவிட ஆர்வமாக ஆடியவள் அவள்தான் என்பதால் இது எனக்கு அதிகம் உறுத்தியது. மொட்டைமாடியில் சுற்றிச் சுற்றி நடந்தும் பார்த்தாள். அட்வெஞ்சர் சிங்க் அதை ஓரளவு ஏற்றுக்கொள்கிறது. ஆனால் மாடியில் போக்கிஸ்டாப் ஏது?

ஊர்ப்புறத்தின் நிலையும் இதை ஒட்டியதுதான். ஆட்டக்காரர்கள் குறித்துக் கொடுத்த இடங்களே போக்கிஸ்டாப்புகள் என்பதால், ஆட்டக்காரர்கள் நிறைந்த நகரத்தில் அவை மண்டிக் கிடக்கின்றன. கிராமத்தில் கோயிலுக்கு ஒன்று, அதுவும் இருந்தால் உண்டு. விடுமுறைக்குச் சொந்த ஊருக்குப் போனபோது வரைபடம் வெறிச்சோடிக் கிடந்தது. ஊர்ப்பிள்ளைகள் அவனைக் கண்மாய்க்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே செயலி தேவைப்படவும் இல்லை.

தெருவில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. நம் நடைபாதைகள் நடப்பதற்காக மட்டும் அமைந்தவை அல்ல. பெயர்ந்த பலகைக்கல், இளநீர் வண்டி, உறங்கும் நாய், நெரிசலைத் தவிர்க்க நடைபாதையில் ஏறிவரும் இருசக்கர வாகனம் எல்லாம் அங்கே உண்டு. செயலி திறக்கும்போதெல்லாம் சுற்றுப்புறத்தைக் கவனி என்று எச்சரிக்கிறது. பிள்ளைகள் அதைப் படிக்காமலே தள்ளிவிடுகிறார்கள். நின்றுதான் பந்து வீச வேண்டும், நடந்தால் கைப்பேசி பைக்குள் என்ற ஒரே விதி போதும். கேமராக் காட்சியை அணைத்துவிட்டால் மின்கலமும் மிஞ்சும், பந்து வீசுவதும் சீக்கிரம் முடியும். வழிபாட்டு இடங்களில் அடக்கம் வேண்டும். 2016 செப்டம்பரில், இந்தியாவில் விளையாட்டு முறைப்படி வெளிவருவதற்கு முன்பே, கோயில்களில் முட்டை கிடைப்பதாகக் காட்டுவது மனத்தைப் புண்படுத்துகிறது என்று குஜராத் உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு போடப்பட்டது. திரையில் தெரிகிற முட்டைதான் என்றாலும், பிராகாரத்தில் நின்றுகொண்டு "முட்டை கிடைச்சிடுச்சு" என்று கத்தும் பிள்ளையை யாராவது முறைத்தால் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, ஒரு ரூபாயும் போடாமல் ஆடலாம். எத்தனை முறை பயன்படுத்தினாலும் தீராத இன்குபேட்டர் ஒன்று எல்லோருக்கும் இலவசம். விலைக்கு வருபவை மூன்று முட்டையோடு உடைந்துவிடும். பிள்ளை கேட்பது பெரும்பாலும் இதைத்தான். ஜிம் என்று விளையாட்டில் சொல்லப்படும் சண்டைக் களத்தில் தன் போக்கிமானைக் காவலுக்கு நிறுத்தினால் நாளுக்கு 50 நாணயம் வரை சம்பாதிக்கலாம், அதற்கும் நடந்துதான் போக வேண்டும் என்பதால் அந்த வழியைக் காட்டிவிடுங்கள். கைப்பேசியின் கடையில் வாங்குவதற்குக் கடவுச்சொல் போட்டு வைப்பது நம் வேலை. கையில் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாலே போக்கிமானைப் பிடிக்க உதவும் போக்கிமான் கோ பிளஸ் பிளஸ் என்ற சிறு கருவியும் 2023-இல் வந்திருக்கிறது. திரையைப் பார்க்காமல் நடக்க உதவும் என்றாலும், வெளிநாட்டிலிருந்து தருவித்து அந்த விலை கொடுப்பதற்கு ஒரு நல்ல ஜோடி ஷூ வாங்கித் தருவதையே நான் சொல்வேன்.

தமிழ் இல்லை என்பதும் ஒரு குறைதான். 2023-இல் இந்தி வந்தது. தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத் திரை பெரிய தடை அல்ல; கூட நடக்க வரும் பாட்டிக்கும் தாத்தாவுக்கும்தான் தடை.

பிள்ளைகளின் இருப்பிடத்தை ஒவ்வொரு நாளும் அறிந்துகொள்கிற செயலி என்பதை மறக்கக் கூடாது. 2025-இல் நியாண்டிக் தன் விளையாட்டுப் பிரிவை ஸ்கோப்லி நிறுவனத்துக்கு 350 கோடி டாலருக்கு விற்றது. ஸ்கோப்லியோ சவூதி அரேபிய அரசு முதலீட்டு நிதியத்தின் கீழ் வருகிற நிறுவனம். பதின்மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குப் பெற்றோரின் ஒப்புதலோடு கூடிய கணக்குதான் திறக்க வேண்டும். பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுக் கொடுக்காதீர்கள். நண்பர்களுக்கு அனுப்பும் பரிசுப் பெட்டி ஒவ்வொன்றிலும் அது எந்தப் போக்கிஸ்டாப்பில் எடுக்கப்பட்டது என்று இடத்தின் படமும் பெயரும் ஒட்டியிருக்கும். தினமும் வீட்டுக்கு எதிரில் இருக்கும் பூங்காவிலிருந்தே பரிசு அனுப்பும் பிள்ளை, தன் வீடு எங்கே இருக்கிறது என்பதைத் தினமும் சொல்லி அனுப்புகிறது. அதனால் நண்பர் எண்ணைப் பொதுவெளியில் போடக் கூடாது என்றும், நேரில் தெரிந்தவர்களை மட்டுமே பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றும் அக்கா பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். உங்கள் பிள்ளையின் கையில் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் நீங்களே உட்கார்ந்து அட்வெஞ்சர் சிங்கை இயக்கி, கேமராக் காட்சியை அணைத்து, வாங்கும் வசதியைப் பூட்டி, அறிவிப்புகளில் முட்டை பொரிந்ததைத் தவிர மற்றதையெல்லாம் நிறுத்திவிடுங்கள். முதல் முட்டையை மட்டும் அவர்களே இன்குபேட்டரில் வைக்கட்டும்.